மைனஸ் வட்டிக்கு மாற்று கேசினோ சிப்பா?

கல்லாப்பெட்டி: சுவிட்சர்லாந்து மத்திய வங்கி 2015 ஜனவரியில் வட்டியை மைனஸ் 0.75 சதவீதத்துக்கு இறக்கியது. அதாவது, அங்கே பணம் போட்டுவைக்கும் வங்கிகள் வட்டி வாங்குவதற்குப் பதில் வட்டி கட்ட வேண்டும். 2022 வரை அங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழேதான். வங்கி அதை வாடிக்கையாளர் தலையில் கட்டினால் பத்து லட்சம் பிராங்குக்கு வருஷம் 7,500 போச்சு. அதையே 1,000 பிராங்க் நோட்டாக எடுத்தால் ஆயிரம் தாள், செருப்புப் பெட்டியில் அடங்கிவிடும். அதனால்தான் பெரிய நோட்டை ஒழிக்கச் சொல்கிறார்கள் சில பொருளாதார நிபுணர்கள். 500 யூரோ நோட்டு வெளியிடுவது 2019-ல் நின்றே விட்டது. சரி, நோட்டு போகட்டும். கேசினோ சிப் இருக்கிறதே, சூதாட்ட விடுதியில் காசுக்குப் பதிலாகத் தரும் வில்லை! மதிப்பு தேயாது, யாரும் வட்டி பிடிக்க மாட்டார்கள்.

சந்தை ராமு: அண்ணே, சிப் விற்ற காசைக் கேசினோ எங்கே வைக்கும்? அதே வங்கியில்தானே. அந்த 7,500 இப்போது அவர்கள் தலையில். சுவிஸின் ஸுக் மாநிலத்தில் 2016-ல் இதுதான் நடந்தது. வரிப்பணம் சீக்கிரம் வந்து வங்கியில் கிடந்தால் தேயுமே! வரியைச் சீக்கிரம் கட்டினால் தந்த தள்ளுபடியை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கட்டுங்கள் என்றார்கள். அரசாங்கமே வரியைத் தள்ளிப்போடச் சொன்னது. கேசினோ மட்டும் உங்கள் பணத்தைச் சும்மா காவல் காக்குமா?

கல்லாப்பெட்டி: இவன் ஆடித் தொலைப்பான் என்ற நப்பாசையில் காக்கும். அப்புறம், நான் ஏன் திரும்பக் கொடுக்க வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரருக்குத் தரவேண்டிய கடனுக்குச் சிப்பையே நீட்டுவேன்.

சந்தை ராமு: 2010 டிசம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸில் பெல்லாஜியோ கேசினோவுக்கு ஹெல்மெட்டோடு பைக்கில் வந்த ஒருவன் 15 லட்சம் டாலர் சிப்பை அள்ளிக்கொண்டு போனான். கேசினோ 25,000 டாலர் சிப்பையே செல்லாததாக்கி, 2011 ஏப்ரலுக்குள் மாற்றிக்கொள் என்று கெடு வைத்தது. நெவாடா விதிப்படி, தன் வாடிக்கையாளர் இல்லை என்று தெரிந்தவருக்குச் சிப்பை வாங்கிக்கொண்டு காசு தரவே கூடாது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாவம்.

கல்லாப்பெட்டி: நோட்டு மட்டும் செல்லாததாகாதா? 2016 நவம்பர் 8 ராத்திரி மறந்துவிட்டதா?

சந்தை ராமு: நானும் வரிசையில் நின்றவன்தான். அங்கே நோட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய பாக்கிக்காரர் ரிசர்வ் வங்கி. கேசினோ திவாலானால் சிப்பை வைத்துக் கேரம் ஆடலாம்.

தேனருவி: இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். சுவிஸில் 1,000 பிராங்க் நோட்டை ஒழிக்கவே இல்லையே. அப்படியும் வங்கிகள் ஏன் கட்டுக்கட்டாகப் பதுக்கவில்லை? மத்திய வங்கியில் போட்ட பணத்தில் ஒரு வரம்பு வரை அவற்றுக்கு மைனஸ் வட்டியிலிருந்து விலக்கு இருந்தது. கையிருப்பு நோட்டைக் கூட்டினால் அந்த வரம்பு அதற்கேற்பக் குறையும். 2015-ல் ஒரு பென்ஷன் ஃபண்டு பெரிய தொகையை நோட்டாகக் கேட்டபோது வங்கி கையை விரித்துவிட்டது.

கல்லாப்பெட்டி: அந்த விலக்குக் கணக்கில் சிப் வராதே, அம்மா! என் கட்சிதான் பலமாகிறது.

தேனருவி: சுவிஸ் கேசினோவுக்குள் நுழையவே அடையாள அட்டை காட்ட வேண்டும், ஐயா. பதுக்க நினைக்கிறவர் பெயரைக் கொடுத்துவிட்டா பதுக்குவார்?