கேஸ் நேரம் எங்களோட நிண்ட ஆக்கள்: அனுபவப் பகிர்வு

வன்னியன்

கனடாவில அகதிக் கேஸ் நடக்கேக்க எனக்கு உதவினவையைப் பற்றிக் கன நாளா எழுத வேணும் எண்டு இருந்தனான்.

ஹியரிங்குக்கு, அதாவது அகதி சபை விசாரணைக்கு, முதல் கிழமை. லோயர் ஒருக்காச் சந்திச்சுக் கையெழுத்து வாங்கினதோட சரி, மிச்சமெல்லாம் பார்த்தது அகதிகளுக்கு உதவுற நிலையத்தில வேலை செய்த ஒரு அக்கா. சோமாலியாவில இருந்து தானும் அகதியா வந்தவ. மொழிபெயர்க்க ஒரு தமிழ்த் தம்பி. அதுவரைக்கும் தேத்தண்ணி ஊத்தித் தந்து கதைச்சுக்கொண்டிருந்தவ, கதிரையை எனக்கு நேர இழுத்துப் போட்டு, "இப்ப நான்தான் மெம்பர்" எண்டா. கேஸைக் கேட்டு முடிவு சொல்லுற சபை ஆளைத்தான் மெம்பர் எண்டுறது. முகமே மாறிட்டுது.

"உங்கட தம்பியைப் பிடிச்சது ஜனவரி. நீங்கள் வெளிக்கிட்டது ஒக்டோபர். உயிருக்குப் பயம் எண்டால் ஒன்பது மாதம் ஏன் இருந்தனீங்கள்?"

எனக்கு வாய் வரேல்ல. அவ விடேல்ல, அதே கேள்வியை அதே குரலில திரும்பவும் கேட்டா. அம்மாவைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது எண்டு நான் சொல்லி முடிக்கும்வரை பேனையைக்கூட அசைக்கேல்ல. பிறகு, "அங்கயும் இதைத்தான் கேப்பினம். அழுதாலும் சொல்லி முடிக்க வேணும்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பி ஜன்னலடிக்குப் போயிட்டா.

மெம்பர் அதைத்தான் கேட்டவர். சொல்லி முடிச்சன், கேஸ் சரிவந்தது. ஆனால் அண்டைக்கு அவ செய்தது நல்லதோ கொடுமையோ எண்டு இப்பவும் யோசிக்கிறன். வேற ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

கரையோரம்

நான் ஈழத்தமிழ் அகதிகளை ஏத்திக்கொண்டு கனடா மேற்குக் கரைக்கு வந்த சன் சீ கப்பலில வந்தவன். 2010 ஆகஸ்ட், 492 பேர், எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். எங்களை வன்கூவர் பக்கத்து மேப்பிள் ரிட்ஜில சிறையில வைச்சிருந்தவை. 48 மணித்தியாலத்தில ஒரு தடுப்பு மீளாய்வு (இன்னும் அடைச்சு வைக்கோணுமோ எண்டு பார்க்கிறது), பிறகு 7 நாளில, அதுக்குப் பிறகு 30 நாளைக்கு ஒருக்கா. ஒவ்வொரு முறையும் அரசாங்கத் தரப்பு சொல்லுறது, "ஆள் ஆரெண்டு உறுதியில்லை." என்ர அடையாள அட்டை முள்ளிவாய்க்காலிலயே போயிட்டுது. எங்க போய் எடுக்க?

வன்கூவர்ல ஒரு வயசுபோன அன்ரி பார்க்க வாறவ. என்ர பேர், அப்பான்ர பேர், பிறந்த ஆஸ்பத்திரி எல்லாம் கொப்பியில எழுதிக்கொண்டு போனவ. இரவிரவா ஊருக்கு எடுத்து அக்காவைத் தேடிப் பிடிச்சு, அக்கா அரசாங்கக் கச்சேரிக்கு அலைஞ்சு, பிறகு ஒருநாள் ஃபாக்ஸில வந்த பிறப்புச் சான்றிதழோட வந்து நிண்டா. அதைக் கண்ணாடியில ஒட்டிப் பிடிச்சா. ஓரமெல்லாம் கறுப்பு, பாதி எழுத்து அழிஞ்சு போச்சு. அப்பான்ர பேர் மட்டும் வடிவாத் தெரிஞ்சது. நான் வாசிச்சு முடியும்வரை கை நடுங்க நடுங்கப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ.

லோயர்மார், கனடியத் தமிழர் பேரவை ஆக்கள் எல்லாரும் அந்த நேரம் ஓடித்திரிஞ்சவை. இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனால் அந்தத் தாள் இல்லாட்டி லோயர் என்னத்தைக் காட்டிறது? அன்ரியின்ர செத்தவீட்டுக்கு என்னால போகேலாமப் போச்சு. அதுதான் மனசைக் குடையுது.

தமிழினி

வன்னியன் அண்ணா, கோவிக்காதேங்கோ. அது கொடுமைதான். உங்களுக்குச் சரிவந்தது எண்டதுக்காக எல்லாருக்கும் அப்பிடிக் கேக்கேலாது.

நான் குடியேற்ற உதவி நிலையத்தில மொழிபெயர்ப்புச் செய்யிறனான். ஒரு பொம்பிளைப் பிள்ளை, தடுப்பு முகாமில இருந்து வந்தவ. ஒத்திகை தொடங்கினதில இருந்து ஜக்கெட் பொத்தானைப் பூட்டுறதும் கழட்டுறதுமா இருந்தா. வாய் பதில் சொல்லுது, கை நிக்கேல்ல. பக்கத்தில இருந்த உளவள ஆலோசகர் ஃபைலை மூடி, "இண்டைக்குக் காணும்" எண்டிட்டா. லோயருக்குச் சரியான கோவம், திகதி கிட்டுது எண்டு.

ஆனால் அந்த ஆலோசகர் சும்மா விடேல்ல. உளவியல் அறிக்கை எடுப்பிச்சு, அகதி சபையின்ர எட்டாவது வழிகாட்டலைக் (ஏலாத நிலையில இருக்கிற ஆக்களுக்கு ஏத்த மாதிரி விசாரணையை மாத்தலாம் எண்டு சொல்லுறது) காட்டி விண்ணப்பிக்கச் செய்தவ: பெண் மெம்பர் வேணும், இடைக்கிடை ஓய்வு வேணும், முதல்ல எங்கட லோயர் கேக்க வேணும் எண்டு. வழக்கமா மெம்பர்தான் முதல் கேக்கிறவர். அதை மாத்தித் தந்தவை. பிள்ளை தன்ர ஒழுங்கில சொல்லி முடிச்சா. இப்பிடி வழி இருக்கேக்க ஏன் ஒருத்தரை அழவைச்சுப் பழக்க வேணும்?

வன்னியன்

தங்கச்சி, நீங்கள் சொல்லுற எட்டாவது வழிகாட்டலைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. அந்த அக்காவிட்ட இருந்தது அவவின்ர நேரம் மட்டும்தான். பின்னேரம் ஏழு மணி தாண்டியும் எனக்காக இருந்தவ. அவவைக் கொடுமைக்காரி எண்டு நான் சொல்லலாம், வேற ஆக்கள் சொன்னால் நோகுது.

பழைய குடிவரவாளன்

இரண்டு பேரும் சரி. ஆனால் கேஸ் உடைவது பெரும்பாலும் ஒத்திகையில் இல்லை, முதல் நாள் எழுதும் கதையில்தான். என்னுடைய மருமகனும் அதே வீட்டில் வாடகைக்கு இருந்த பொடியனும் ஒரே 'ஆலோசகரிடம்' போனார்கள். பிறகு சட்ட உதவி லோயர் இருவரின் சம்மதத்தோடு இரண்டு படிவங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார். ஆளைக் கடத்தும் அதே வெள்ளை வான், அதே பின்னேரம், அதே ஆறு பேர். ஊரின் பெயர் மட்டும் வேறு. மருமகனை வான் ஏற்றவே இல்லை, அவனுக்கு நடந்தது வேறு. அது ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அவனுடைய முகத்தை என்னால் மறக்க முடியாது.

ஆகவே வாசிக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். காசு வாங்கி ஆலோசனை சொல்கிறவர் லோயரா, உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரா என்று பாருங்கள். ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்த 2021 முதல் 'கல்லூரி' என்ற பெயரில் தனி அமைப்பு இருக்கிறது, அதன் பதிவேட்டில் எவரும் பெயரைத் தேடலாம். அகதி சபையில் தோன்ற ஆலோசகருக்கு அதற்கான தனி வகுப்பு உரிமமும் வேண்டும். ஒன்ராரியோவில் கையில் காசில்லாவிட்டால் முதலில் லீகல் எயிட்டை (சட்ட உதவி அமைப்பை) கேளுங்கள், அகதிக் கோரிக்கைக்கு லோயர் செலவுக்கான சான்றிதழ் தருகிறார்கள்.

உங்கள் கதையை எழுதிக் கொடுக்கும் கோரிக்கை அடிப்படைப் படிவத்தை உங்கள் மொழியில் முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். பிழை இருந்தால் திருத்தலாம். திருத்தமும் ஆவணங்களும் ஹியரிங்குக்கு 10 நாள் முன்பாவது சபைக்குப் போய்ச் சேர வேண்டும். வீடு மாறினால் சபைக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் தனித்தனியாக அறிவியுங்கள், ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போகாது. எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. மெம்பருக்கு முன்னால் வாயால் சொல்லும் உரிமையே 1985 ஏப்ரல் 4 அன்று, சிங் என்ற அகதிக் கோரிக்கையாளரின் வழக்கில், கனடா உச்ச நீதிமன்றம் சொன்னபின் வந்தது. அதற்கு முன் பலருடைய கோரிக்கை தாளிலேயே முடிந்துபோகும். அந்த உரிமையை இன்னொருவர் எழுதிய கதைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மாதுளை

இங்க ஒருத்தரும் நேர்ஸ்மாரைச் சொல்லேல்ல.

2013. மாமாவின்ர கேஸ் போய்க்கொண்டிருந்தது. அதுக்கு முதல் வருசம்தான் அகதிகளின்ர மருத்துவக் காப்புறுதியை வெட்டினவை. டொக்டரைப் பார்க்கலாம், இன்சுலினுக்குக் காசு இல்லை. ஃபார்மசியில விலையைக் கேட்டிட்டு மாமா ஒண்டும் சொல்லாம வெளிய வந்திட்டார். வீட்டில பாதி அளவா ஏத்திக்கொண்டிருந்தவர், எங்களுக்குத் தெரியாது.

சமூகச் சுகாதார நிலையத்து நேர்ஸ் சீனி அளவைப் பார்த்த உடனே ஏதோ விளங்கிட்டுது. ஏசேல்ல. குளிர்ப்பெட்டியைத் திறந்து மாதிரிக்கு வந்த இன்சுலின் பேனைகளை எடுத்து, பையில போட்டு, மாமான்ர மடியில வைச்சா. "முழு அளவு" எண்டு மட்டும் சொன்னவ. அதே நேர்ஸ் வெள்ளைக் கோட்டுப் போட்ட டொக்டர்மாரோட வீதியில பதாகை பிடிச்சு நிண்டதை பிறகு பேப்பரில கண்டனான். 2014 ஜூலையில அந்த வெட்டு சட்டத்துக்கு முரண் எண்டு ஃபெடரல் கோர்ட் சொன்னது. முழுக்கத் திரும்பி வந்தது 2016 ஏப்ரலில. வீதியில நிண்டதுக்கு நான் அவவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லேல்ல.

புதுசா வந்தவள்

குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். என்ர மச்சானுக்குச் செவ்வாய்க்கிழமை ரிஜெக்ட் எண்டு கடிதம் வந்திருக்கு, காரணங்களோட. லோயர் ஃபோன் எடுக்கிறார் இல்லை. என்ன செய்யிறது?

பழைய குடிவரவாளன்

பிள்ளை, காரணங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் சபையின் மேன்முறையீட்டுப் பிரிவுக்கு மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும். செவ்வாயிலிருந்து எண்ணுங்கள். அமெரிக்க நில எல்லையால், பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தத்தின் விதிவிலக்கில் வந்தவர் என்றால் அந்த மேன்முறையீடு கிடையாது, ஃபெடரல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதற்கும் 15 நாள். லோயரைக் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலை முதல் வேலையாக லீகல் எயிட்டை எடுங்கள். கடிதமும் கவரும் இரண்டும் வேணும், கவரை எறிந்துவிடாதீர்கள்.

தமிழினி

அக்கா, தனிமடல் போட்டிருக்கிறன். மொழிபெயர்ப்புக்கு நான் வாறன், காசு வேண்டாம்.