புதுப்பிப்பு: மெய்யழகன் இரண்டாம் முறை, பெரியம்மாவோடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெய்யழகன், லப்பர் பந்து படங்கள் இரண்டையும் பார்த்துவிட்டுப் போன வாரம் எழுதியிருந்தேன். மெய்யழகனில் பேச்சு அதிகம், பெரியவர்களுக்குச் சரிவருமா என்றும் கேட்டிருந்தேன். "கூட்டிப் போங்க" என்றீர்கள். போய் வந்தாயிற்று.

பெரியம்மா தூங்கவில்லை. 1996இல் அருள்மொழியின் (பெரியவரானதும் அரவிந்த் சாமி) குடும்பம் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்பும் தொடக்கக் காட்சியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். 1960களில், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் பெரியம்மா குடும்பத்தைக் கிளப்பியபோது அவர் சிறுமி. "எங்க வீட்டுலயும் மாமரம் இருந்துச்சு" என்று சத்தமாகவே சொன்னார். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

வெளியான பிறகு இயக்குநர் பிரேம்குமார் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார். அப்படியும் அருள்மொழியும் கார்த்தியும் பேசும் அந்த இரவுப் பேச்சு எனக்கு நீளம்தான். பெரியம்மாவோ, "கார்த்தி பேசட்டும், பாவம், உனக்கென்ன அவசரம்?" என்கிறார்.

அப்புறம், லப்பர் பந்து பற்றிக் கேட்டவருக்கு: கிரிக்கெட் தெரியாவிட்டாலும் பாருங்கள், அட்டகத்தி தினேஷுக்காக.

அடுத்தது வேட்டையன். ரஜினி படத்துக்கு யாரையும் கேட்கத் தேவையில்லையாம், பெரியம்மா டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார்.