புதுப்பிப்பு: கர்ப்பத்தின் 22-ஆம் வாரத்தில் புலம்பிய ராத்திரிப் படபடப்பு, இப்போது 31-ஆம் வாரம்

இரண்டு மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன்: செங்கோட்டையில் அத்தையோடு நான், புனலூரில் வேலையாக அவர், போன முறை 9-ஆம் வாரத்திலேயே கலைந்த கரு, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இது வெறும் பயம்தானா என்று.

"ரத்தமும் தைராய்டும் பாரும்மா" என்று ஒரு அக்கா சொன்னார்கள். பார்த்தேன். தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 9.1. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை; அதுவும் படபடப்பைக் கொடுக்கும். இரும்புச்சத்து மாத்திரையை இத்தனை நாளும் டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தேன், டீ அதை உடம்பில் சேரவிடாதாம். இப்போது எலுமிச்சைச் சாறோடு.

ரத்த அளவு கூடியும் பயம் முழுக்கப் போகவில்லை. டாக்டரம்மா எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வித் தாள் ஒன்றைக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் வந்தது, கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். காரணமில்லாமல் கவலைப்படுகிறீர்களா என்ற கேள்வியில் அழுதுவிட்டேன். காரணம் இருக்கிறதே! ஒருமுறை கரு கலைந்தவர்களுக்கு இந்தப் பதற்றம் அடிக்கடி வருவதுதான் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நான்கு முறை கவுன்சலிங் போனேன். பதற்றத்துக்கென்று மாத்திரை தேவைப்படவில்லை.

வலி ராத்திரியில் வந்தால், மழையில் ஆரியங்காவு பாதை அடைத்துக்கொண்டு புனலூரிலிருந்து அவர் வர முடியாவிட்டால்? அதற்கு மதினி தென்காசியில் ஆட்டோக்காரர் ஒருவரிடம் பேசி வைத்துவிட்டாள். பிரசவக் கதை சொல்ல வரும் பக்கத்து வீட்டுக்காரர்களை அத்தை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அப்புறம், 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். நேற்று மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. குழந்தை உதைத்தது, திரும்பிப் படுத்தேன்.