நடனம் கற்காத ஆசிரியை நடன வகுப்பு எடுக்கலாமா?

வெண்சாக்பீஸ் கேட்டது:

வணக்கம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பாசிரியை நான். இந்த வருடம் எங்கள் வகுப்புக்கு நடனப் பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்கள். தனி நடன ஆசிரியர் கிடையாது, வகுப்பாசிரியரே எடுக்க வேண்டும். நான் முறையாக நடனம் கற்றவள் இல்லை. இப்போதைக்குப் பாட்டைப் போட்டு, முன்னால் நின்று ஸ்டெப் ஆடிக் காட்டுகிறேன். முதல் வரிசை பிடித்துக்கொள்கிறது. நடு வரிசை பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தாமதமாகக் கையைத் தூக்குகிறது. பின் வரிசை ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒரு பையன் சுவரில் சாய்ந்தபடியே நிற்கிறான், ஒரு தடவைகூட வந்து சேரவில்லை.

விளையாட்டாகச் செய்யலாம் என்றால் சத்தம் கூடி, பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கிறார். ஆட விட்டால் படிப்பு போய்விடும் என்று சில பெற்றோருக்குக் கவலை. எங்கிருந்து தொடங்குவது?

தாளக்காரி எழுதியது:

டீச்சர், தொடக்க வகுப்புகளுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எடுக்க, நீங்கள் முறையாகக் கற்றிருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் முன்னால் நின்று ஆடிக் காட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். எதிரே நின்று “வலக்கை” என்று சொல்லி உங்கள் வலக்கையைத் தூக்கினால், அவர்கள் கண்ணுக்கு அது இடப்பக்கம். அதைத் திருப்பிப் போட்டு, பாட்டையும் கேட்டு, அடுத்த ஸ்டெப்பையும் ஞாபகம் வைக்க வேண்டும். ஆறு வயதுக்கு அது பெரிய சுமை. உங்கள் நடு வரிசை தாமதிப்பது கவனம் இல்லாததால் அல்ல.

ஆடிக் காட்டும் இடத்தில் கேள்வி கேளுங்கள். நடன அறிஞர் ருடால்ஃப் லாபன் 1940களிலேயே பள்ளி நடனத்துக்கு இந்த வழியைத்தான் வகுத்தார். அவர் வழியில் வந்தவர்கள் நான்கு கேள்விகளாக அதைச் சொல்வார்கள்: உடம்பில் எது அசைகிறது, எங்கே அசைகிறது, எப்படி அசைகிறது, யாரோடு அசைகிறது. ஒரு வகுப்புக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

“முழங்கை மட்டும் ஆடட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். “அதே முழங்கை, தரைக்குப் பக்கத்தில்.” வகுப்பே குனியும். “கனமான பெட்டியைத் தள்ளுகிற மாதிரி மெதுவாக.” இப்போது சத்தம் தானாக அடங்கும், ஏனென்றால் மெதுவாக அசைவதற்கு முழுக் கவனமும் வேண்டும். ஒருத்தி முழங்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருப்பாள். “அவள் செய்வதை எல்லாரும் செய்து பார்ப்போமா?” என்று கேளுங்கள். அந்த நிமிடம் வகுப்புக்கு ஆடிக் காட்டுபவள் அவள். முதல் வரிசை, கடைசி வரிசை என்ற பேச்சே அப்புறம் இருக்காது.

இது பழகியபின் ஒரு நிலையில் தொடங்கி, ஓர் அசைவு செய்து, வேறொரு நிலையில் முடிக்கச் சொல்லுங்கள். அதுவே ஒரு சின்ன நடனம், அவர்களே கட்டியது.

சத்தம் பற்றி: ஆடச் சொல்லித்தருவதற்கு முன் நிற்கச் சொல்லித்தாருங்கள். தரையில் ஆளுக்கு ஒரு சாக்பீஸ் வட்டம், இரண்டு கையையும் விரித்தால் யார் மேலும் படாத தூரத்தில். தாளம் கேட்கும்வரை அறை முழுக்கத் திரியலாம். தாளம் நின்றால் தன் வட்டத்துக்குள் சிலை. கண்கூட அசையக் கூடாது. பாட்டை ஒலிக்கவிடுவதைவிட மேசையில் கையால் தட்டுவது நல்லது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டலாம், சட்டென்று நிறுத்தலாம். ஓடுகிற உடம்பை நினைத்த நொடியில் நிறுத்துவது அந்த வயதில் பெரிய திறமை. பிள்ளைகளுக்கும் அது தெரியும், கண்ணில் ஒரு பெருமை தெரியும் பாருங்கள்.

இன்னொன்று, நொண்டியடிக்கவே தடுமாறுகிற பிள்ளையிடம் ஒரு காலில் மிதித்து அதே காலில் துள்ளி மாறி மாறிப் போகும் துள்ளுநடையைக் கேட்காதீர்கள். நடை, ஓட்டம், இரு கால் குதிப்பு, ஒரே காலை முன்னால் வைத்துப் போகும் குதிரை ஓட்டம், நொண்டி, அதற்கப்புறம்தான் துள்ளுநடை. பலருக்கு அது ஐந்து, ஆறு வயதில்தான் கூடி வரும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

மணல்தொட்டி எழுதியது:

மழலையர் வகுப்பு எடுப்பவள் நான். அந்தச் சுவரோரப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். சிறு பிள்ளைகள் எப்படிச் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வகைப்படுத்தியபோது, வேடிக்கை பார்ப்பதையும் தனி வகையாகவே சேர்த்தார். அடுத்தது பக்கத்தில் இருந்தபடி தனியாக விளையாடுவது, பிறகுதான் சேர்ந்து விளையாடுவது. அவன் சும்மா நிற்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறான். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், “நீ ஏன் ஆடவில்லை” என்று எல்லார் முன்னும் கேட்காதீர்கள். மேசையில் தட்டுகிற வேலையை அவனிடம் கொடுங்கள். அவன் நிறுத்தினால் வகுப்பே நிற்கும். என் வகுப்பில் இப்படித் தட்டியவள் ஒருத்தி, தட்டிக்கொண்டே தோளை ஆட்டத் தொடங்கினாள். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நடக்க முடியாத பிள்ளை வகுப்பில் இருந்தாலும் முழங்கைக் கேள்வி அப்படியே செல்லும். ஸ்டெப் சொல்லித்தந்தால் அந்தப் பிள்ளைக்கென்று தனியாக யோசிக்க வேண்டும், கேள்வி கேட்டால் தேவையில்லை.

வகுப்பின் கடைசிப் பகுதியை யாரும் நடத்தாமல் விடுங்கள். ஒரு நீளத் துணி, சில காலி அட்டைப்பெட்டிகள் போதும். எங்கள் துணி முதலில் ஆறாக இருந்தது, பிறகு கூரையானது, பிறகு இரண்டு பேர் அதை மேலும் கீழும் அசைக்க மற்றவர்கள் நேரம் பார்த்து அடியில் புகுந்து ஓடினார்கள். அந்த நேரம் பார்க்கிற வித்தையை நான் சொல்லித்தரவே இல்லை. இடையில் புகுந்து “இப்படிச் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும்” என்று பெரியவர் சொன்னதும் அது அவர்கள் விளையாட்டாக இருக்காது. யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டுபிள்ளைஅப்பா எழுதியது:

பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. வெறுமனே “விளையாட்டு நல்லது” என்றால் எங்களுக்கு மனம் ஆறாது, ஆதாரம் காட்டுங்கள். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையில் 31ஆம் பிரிவு விளையாட்டையும் கலையில் பங்கேற்பதையும் குழந்தையின் உரிமை என்கிறது. மூன்று, நான்கு வயதுக்கு நாளில் 180 நிமிடமாவது உடல் இயக்கம், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஐந்து வயதுக்கு மேல் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் அப்படிப்பட்ட இயக்கம். வீட்டுப்பாடம் முடிக்காததற்கு விளையாட்டு நேரத்தைப் பிடுங்கும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். தண்டனையாக இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2013இல் அறிக்கை விட்டிருக்கிறது. நடனம் கணக்குக்கும் உதவும் என்றும் சேர்த்துச் சொன்னால் பெற்றோர் இன்னும் எளிதாக ஒத்துக்கொள்வார்கள்.

தாளக்காரி எழுதியது:

அந்தக் கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை சார். கணக்குக்கு உதவும் என்று சொல்லி உள்ளே விட்டால், கணக்கில் மார்க் குறைந்த மறுநாள் நடனத்தை வெளியே அனுப்புவார்கள். பிள்ளை தன் உடம்பை அறிவதும், ஒன்றைத் தானே உருவாக்குவதும் பள்ளியில் நடக்க வேண்டிய காரியங்கள். அதையே நேராகச் சொல்லலாம். மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடிதான்.

வெண்சாக்பீஸ் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்கே வட்டம் போடுகிறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. பருவ முடிவில் மேடை நிகழ்ச்சி உண்டு, எல்லாரும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அதற்கு என்ன செய்வது?

தாளக்காரி எழுதியது:

வகுப்பில் அவர்களே கட்டிய சின்ன நடனங்களை மேடைக்குக் கொண்டுபோங்கள். நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒரு குழு ஆடும்போது மற்றவர்கள் பின்னால் அரைவட்டமாகச் சிலை. தாளம் நின்றதும் அடுத்த குழு. எல்லாரும் சேர்ந்து செய்வதற்கு முழங்கை அசைவு ஒன்று தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கட்டும், பார்க்கிறவர்களுக்கும் ஒழுங்கு தெரியும். வரிசையாக நிறுத்த வேண்டாம், அரைவட்டத்தில் எல்லார் முகமும் தெரியும். ஒத்திகையை நிகழ்ச்சிக்கு முந்தைய ஓரிரு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தாளம் தட்ட யாரை வைப்பது என்று அந்தப் பையனிடமே முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வேறு யாராவது தட்டட்டும்.