சித்தப்பாவின் மூளை ஸ்கேன் தொடர்பாக உதவி தேவை

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் சித்தப்பாவுக்கு வயது 57. பழைய கொழுந்துக் கணக்குகளை இன்றும் பிசகாமல் சொல்பவர், சாவு வீட்டில் சத்தமாகச் சிரிக்கிறார். சீனியைக் கரண்டி கரண்டியாக அள்ளித் தின்கிறார். சித்தி காய்ச்சலில் கிடந்தபோது ஏனென்றும் கேட்கவில்லை. மனச்சோர்வு என்று கொடுத்த மருந்தால் பலனில்லை. ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியாவாக (மூளையின் முன், பக்கவாட்டுப் பகுதிகள் சிதைவதால் குணமும் நடத்தையும் மாறும் நோய்) இருக்கலாம் என்று நரம்பியல் வைத்திய நிபுணர் இப்போது சந்தேகிக்கிறார்.

2011ஆம் ஆண்டின் இந்நோயைக் கண்டறிவதற்கான சர்வதேச அளவுகோல்களின்படி, நடத்தை மாற்றத்தை மட்டும் வைத்து ‘இருக்கலாம்’ என்றே கூற முடியும். அன்றாடச் செயற்பாடுகள் குன்றியிருப்பதுடன், மூளையின் முன்மடலோ பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலின் முன்பகுதியோ சுருங்கியிருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தால், அல்லது அப்பகுதிகள் குளுக்கோஸைக் குறைவாகப் பயன்படுத்துவது பெட் ஸ்கேனில் தெரிந்தால், ‘பெரும்பாலும் அதுவே’ என்ற நிலைக்கு வரலாம். அல்சைமர் நோயில் இக்குறைவு பெரும்பாலும் மூளையின் பின்பாதியிலேயே தொடங்கும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய பெட் ஸ்கேன் உதவுகிறது.

சித்தப்பாவின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘வயதுக்குரிய சுருக்கம்’ என்ற ஒற்றை வரிதான் உள்ளது. (57 வயதில் அது என்ன வயதுக்குரிய சுருக்கமோ!) ஆரம்பக் கட்டத்தில் எம்.ஆர்.ஐ. இயல்பாகத் தோன்றினாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது என்பதை அறிவேன்.

அதே படங்களை, முன்மடலையும் பொட்டு மடலையும் குறிப்பாகக் கவனித்து மீண்டும் வாசித்துத் தரும்படி கதிரியல் நிபுணரிடம் கேட்பது வழக்கமா? மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையின் பெட் ஸ்கேன், புற்றுநோயாளர் அல்லாதவர்களின் மூளைப் பரிசோதனைக்கும் கிடைக்குமா, அதற்கு யாருடைய கடிதம் தேவை? மலையகத்திலிருந்து யாரையாவது இவ்வாறு அழைத்துச் சென்றவர்கள் இருந்தால், அசையாமல் படுக்க மறுப்பவரை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.