பென் ஸ்டேட் அணிக்கு 2012-இல் கிடைத்த தண்டனை நியாயமா?

பொடிநடை:
பக்கத்து இழையில் ஒருவர், "குற்றத்தை மூடி மறைத்த கல்லூரியின் அணியை அடியோடு கலைத்திருக்க வேண்டும்" என்று பென் ஸ்டேட்டை இழுத்திருந்தார். அங்கே பேசினால் இழை திசைமாறிவிடும் என்பதால் இங்கே தனியாக.

தெரியாதவர்களுக்காக: பென் ஸ்டேட் என்கிற பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பல ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெரி சாண்டஸ்கி. 1999-இல் ஓய்வு பெற்ற பிறகும் அணியின் கட்டடத்துக்குள் அவர் தாராளமாக வந்துபோனார். வசதியில்லாத சிறுவர்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் நடத்தினார். அதன் வழியாக வந்த பையன்களையே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார். 2011 நவம்பரில் கைது. 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகள் நிரூபணம். 30 முதல் 60 ஆண்டு வரை சிறை. இதில் இங்கே யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது.

என் கேள்வி அதற்கு அடுத்தது. 2012 ஜூலை 23 அன்று, கல்லூரி விளையாட்டுகளை மேற்பார்க்கும் என்சிஏஏ அந்த அணியைத் தண்டித்தது. 6 கோடி டாலர் அபராதம். சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களில் 4 ஆண்டு ஆடத் தடை. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் வெட்டு. 1998 முதல் 2011 வரை ஜெயித்த 112 ஆட்டங்கள் கணக்கிலிருந்து நீக்கம். 2012-இல் அங்கே ஆடிய இருபது வயதுப் பையனுக்கு, விஷயத்தை மூடி மறைத்த 2001-இல் வயது ஒன்பது. அவன் என்ன பாவம் செய்தான்?

மலைக்கோட்டை:
பொடிநடை, எதைச் சுருக்கக்கூடாதோ அதைத்தான் சுருக்கியிருக்கிறீர்கள். நடுவில் நடந்ததை விட்டுவிட்டுத் தண்டனையை மட்டும் வைத்தால் யாருக்கும் அநியாயமாகத்தான் தெரியும்.

1998-இல் சாண்டஸ்கி மீது ஒரு தாய் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகக் காவல்துறை விசாரித்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குப் போடவில்லை. 2000-இல் அணிக் கட்டடத்தின் குளியலறையில் நடந்ததை ஒரு துப்புரவுத் தொழிலாளி கண்ணால் பார்த்தார். ஆடிப்போய்க் கூட வேலை செய்தவர்களிடம் சொன்னார். யாரும் மேலே கொண்டுபோகவில்லை. எஃப்பிஐ முன்னாள் இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயின் விசாரணைக் குழுவிடம் அவர்களில் ஒருவர் பின்னால் காரணம் சொன்னார்: புகார் சொல்வது நாட்டின் ஜனாதிபதியையே எதிர்ப்பது போல இருந்திருக்கும், இந்தப் பல்கலைக்கழகத்தை நடத்துவதே ஃபுட்பால்தான் என்று.

2001 பிப்ரவரியில் மைக் மெக்வெரி என்ற இளம் உதவியாளர் அதே கட்டடத்தில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்தார். மறுநாளே தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பட்டர்னோ விளையாட்டு இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னார். கர்லியும் பல்கலைக்கழகத் துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸும் தலைவர் கிரஹாம் ஸ்பேனியரும் குழந்தைகள் நலத்துறைக்குத் தெரிவிப்பது என்றுதான் முதலில் திட்டம் போட்டார்கள். பிறகு கர்லி, "ஜோவிடம் பேசிய பின் எனக்கு அது சரியாகப் படவில்லை" என்ற பொருளில் மின்னஞ்சல் எழுதுகிறார். ஸ்பேனியரும் தலையாட்டுகிறார். நாம் சொன்னபடி சாண்டஸ்கி கேட்காவிட்டால், புகார் செய்யாமல் விட்டதற்கு நாம் மாட்டிக்கொள்வோம், பாதகம் அது ஒன்றுதான் என்பது அவர் பதிலின் சாரம். அந்தச் சிறுவன் யார் என்று விசாரிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அதற்குப் பிறகு பத்து வருடம் அந்த ஆள் வெளியே நடமாடினார்.

குளியலறையைத் துடைப்பவரிலிருந்து தலைவர் வரை எல்லோரையும் வாய்மூட வைத்தது ஒரே விஷயம், அந்த அணி. அப்புறம் அணியைத் தொடாமல் யாரைத் தண்டிப்பது?

சுள்ளான்:
112 வெற்றியை அழித்ததால் எந்தப் பையனுக்கு என்ன கிடைத்தது அண்ணே? லட்சம் பேர் கண்ணால் பார்த்த ஆட்டத்தை நடக்கவே இல்லை என்று பதிவேட்டில் எழுதுவது சின்னப்பிள்ளை வேலை.

தாரகை:
சுள்ளான் தம்பி, அந்த எண்ணை லேசாக எடுத்துக்கொள்ளாதே. பட்டர்னோவின் கணக்கில் 409 வெற்றி. அந்த மட்டத்தில் அதுவரை எவரும் தொடாத எண்ணிக்கை. 2011 அக்டோபரில் அந்த 409-ஆவதை ஊரே கொண்டாடியது. அடுத்த வாரம் சாண்டஸ்கி கைது. வெற்றிகளை நீக்கிய பிறகு 298 (அந்த 112-இல் ஒன்று அவர் போன பிறகு அணி ஜெயித்தது). பெயரையும் சாதனையையும் காப்பாற்றத்தான் வாயை மூடினார்கள். அப்படிக் காப்பாற்றியதிலிருந்துதான் வெட்டினார்கள். 1998 என்று தொடக்க ஆண்டு வைத்ததும் சும்மா இல்லை, முதல் புகார் வந்த ஆண்டு அது.

இன்னொன்று. 2011 நவம்பர் 9 இரவு பட்டர்னோவை வேலையை விட்டு நீக்கியதும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கித் தொலைக்காட்சி வேன் ஒன்றைக் கவிழ்த்தார்கள். அவர்கள் கோபம் பயிற்சியாளருக்காக. அந்த ஊரில் ஃபுட்பால் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அறிக்கையே வேண்டாம், அந்த வேன் போதும்.

பொடிநடை:
தாரகை அக்கா, வேனைச் சொன்னீர்கள், சரி. இரண்டு நாள் கழித்து அதே மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஓல்ட் மெயின் கட்டடத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏந்தி அந்தச் சிறுவர்களுக்காக நின்றதைச் சொல்லவில்லையே. ஊரை ஒரே குச்சியால் அடிக்காதீர்கள். ஃப்ரீ அறிக்கை பட்டர்னோவைப் பற்றிச் சொன்ன முடிவுகளை அவர் குடும்பம் இன்றுவரை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல அவரும் இல்லை, 2012 ஜனவரியிலேயே புற்றுநோயில் போய்விட்டார்.

ஓரக்கண்:
நான் பொடிநடை பக்கம், ஆனால் காரணம் வேறு. தண்டனை கூடாது என்று சொல்லவில்லை. அதைக் கொடுக்க என்சிஏஏவுக்கு என்ன யோக்கியதை?

வழக்கமாக அவர்கள் சொந்தமாக விசாரிப்பார்கள், குழு உட்காரும், கல்லூரி பதில் சொல்லும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். இங்கே ஃப்ரீ அறிக்கை வந்தது ஜூலை 12. பதினொன்றாவது நாள் தண்டனை. பல்கலைக்கழகத்தின் புதிய தலைவர் ராட்னி எரிக்ஸனிடம் ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கையெழுத்துப் போடாவிட்டால் அணியையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பிற்பாடு வழக்கில் என்சிஏஏவின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தபோது, தங்கள் அணுகுமுறை ஒரு பூச்சாண்டி என்று அவர்களே பேசிக்கொண்டது தெரிந்தது. 2015 ஜனவரியில் சமரசம் செய்து 112 வெற்றியையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். மிச்சிகன் ஸ்டேட்டில் லாரி நாசர் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான பெண்களைச் சீரழித்தார். பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. என்சிஏஏ 2018-இல் "எங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை" என்று கையைக் கழுவியது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் கால்பந்து வீரர்கள் மீதான பாலியல் புகார்களை நிர்வாகம் அமுக்கியது. 2021-இல் என்சிஏஏ தந்த தீர்ப்பு, ஒழுக்கரீதியாகப் பெரிய தவறுதான் ஆனால் எங்கள் விதிக்குள் வராது என்றது. பேய்லரின் சில்லறை மீறல்களுக்கு அபராதம் 5,000 டாலர். பென் ஸ்டேட்டுக்கு 6 கோடி! ஆளுக்கொரு நியாயம் என்றால் அதற்குப் பெயர் தண்டனையா, விளம்பரமா?

மலைக்கோட்டை:
மற்ற இரண்டு பேர் தப்பித்ததால் மாட்டியவன் நிரபராதி ஆகிவிடுவானா? பேய்லர் விஷயத்தில் எனக்கும் வயிறு எரிகிறது. அங்கேயும் அடித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்றால், பார்த்த லட்சணத்தையும் சொல்கிறேன். கர்லியும் ஷுல்ட்ஸும் 2017-இல் சிறு குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியர் மீதும் அதே தரத்தில் ஒரே ஒரு குற்றம்தான் நின்றது. மேல்முறையீடு எல்லாம் முடிந்து 2021-இல் சுமார் இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். 2001 மின்னஞ்சலுக்கு இருபது வருடம் கழித்து இரண்டு மாதம். இதைத்தான் போதும் என்கிறீர்களா?

சுள்ளான்:
அப்படியானால் ஸ்பேனியருக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். அதற்காக ஓடுகிற பையனின் ஸ்காலர்ஷிப்பை ஏன் பிடுங்கணும்?

தாரகை:
ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த யாருடைய ஸ்காலர்ஷிப்பையும் பிடுங்கவில்லை தம்பி. புதிதாகக் கொடுக்கிற எண்ணிக்கையைத்தான் ஆண்டுக்கு 25-லிருந்து 15 ஆகக் குறைத்தார்கள். விரும்பியவர்கள் ஒரு வருடம் உட்கார்ந்திருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம் என்றும் விதியைத் தளர்த்தினார்கள். பந்தோடு ஓடுகிற முன்னணி வீரர் சைலஸ் ரெட் அப்படித்தான் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். தங்கியவர்கள் புதுப் பயிற்சியாளர் பில் ஓ'பிரையனோடு அந்த ஆண்டே 8 ஆட்டம் ஜெயித்து 4 தோற்றார்கள். 2016-இல் அவர்கள் ஆடும் பிக் டென் என்ற கல்லூரி லீகில் சாம்பியன். வாழ்க்கை பாழானது என்பதெல்லாம் மிகை.

பொடிநடை:
ஜூலை கடைசியில் சொல்லிவிட்டு, வகுப்பு ஆகஸ்ட் கடைசியில். படிக்கிற பாடம், வீடு, நண்பர்கள் எல்லாவற்றையும் நாலைந்து வாரத்தில் மூட்டை கட்டு என்பது சலுகையா அக்கா? தங்கியவன் கடைசி வருடத்தில் பௌல் ஆடாமல் போனான். 2014 செப்டம்பரில் தடையை எடுத்தபோது அவன் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அபராதத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தீர்களா? அந்த 6 கோடி, அணி ஒரு வருடத்தில் ஈட்டுகிற மொத்த வருமானத்தின் அளவு. சமரசத்துக்குப் பிறகு 4.8 கோடி குழந்தைகள் பாதுகாப்புக்கென்று மாநிலத்துக்கும், 1.2 கோடி அதே துறையில் ஆய்வுக்கென்று பல்கலைக்கழகத்துக்கும் போனது. உருப்படியான காரியம் அதுதான். இரட்டிப்பாக வாங்கியிருந்தாலும் கையெழுத்துப் போடுவேன். பௌல் தடையையும் ஸ்காலர்ஷிப் வெட்டையும்தான் வேண்டாம் என்கிறேன்.

மலைக்கோட்டை:
பணம் அவர்களுக்கு வலிக்காது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்துவிட்டும் அரங்கம் நிரம்பித்தான் வழிந்தது. ஒரு சீசன் முழுக்க அந்த லட்சம் இருக்கையையும் காலியாக வைத்து, ஆளில்லாமல் ஆடச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஓரக்கண்:
அண்ணே, அதற்கும் என்சிஏஏவைத்தானே கூப்பிடுவீர்கள்?

பொடிநடை:
பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில் விடுதி, உணவகம் வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் ஏழெட்டு ஆட்ட நாள்தான் அறுவடை. மலைக்கோட்டை அண்ணனின் தீர்ப்பில் இப்போது அவர்களும் குற்றவாளிப் பட்டியலில் வந்துவிட்டார்கள். அடுத்து யாரைச் சேர்க்கலாம், சொல்லுங்கள்.