டயாலிசிஸ் கட்டிலுக்கே வந்த வசூல்காரர்

பவானிக்கரை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் ஓடுகிறது. கழுத்தில் குழாய் போட்டது, அதில் கிருமி புகுந்து ஐசியூவில் கிடந்தது, பிறகு கையில் ரத்தக்குழாயை இணைத்து பிஸ்டுலா வைத்தது எல்லாம் நோயாளிக் குடும்பங்கள் எழுதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டை கைக்கு வருவதற்கு முன்பே நகை எல்லாம் அடகுக்குப் போய்விட்டது. அது போதாமல் என் பெயரில் மகளிர் குழுக் கடன். நான் எழுத வந்தது அந்தக் கடனுக்கு வசூலுக்கு வரும் தம்பியைப் பற்றி.

குழுக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. போனால் பணம் எடுத்து வைக்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தத் தம்பி நேராக டயாலிசிஸ் வார்டுக்கே வந்துவிட்டார். நாலு மணி நேரம் இவர் கட்டிலை விட்டு நகர முடியாது, நானும் பக்கத்தில்தான் இருப்பேன் என்று குழுவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

சத்தம் போடவில்லை. "அண்ணா, எப்படி இருக்கீங்க?" என்றுதான் கேட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் ஒண்ணும் கேக்கலைங்க. ஆளைப் பார்த்தேன்னு ஆபீசுக்கு ஒரு போட்டோ மட்டும் ஏத்தணும்" என்று செல்போனை எடுத்தார். இவர் கையில் இரண்டு ஊசி, குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, வேட்டி முழங்காலுக்கு மேலே கிடக்கிறது. அதை இழுத்து மூடுவதா, போனை மறைப்பதா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மிஷின் கத்தியது. பிரஷர் இறங்கிவிட்டது. கெண்டைக்காலைச் சுருட்டி இழுத்து இவர் அலறுகிறார், சிஸ்டர் அந்தக் கோடியில் வேறொருவருக்கு ஊசி குத்திக்கொண்டிருக்கிறார். அந்தத் தம்பி போனைக் கட்டிலில் போட்டுவிட்டு இவர் பாதத்தைப் பிடித்து விரல்களை மேல்நோக்கி அழுத்தினார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர் மாதிரிதான் பிடித்தார். சிஸ்டர் வந்து சலைன் ஏற்றி, இழுப்பு விடும் வரை கையை எடுக்கவில்லை. அப்புறம் போனை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

போட்டோ எடுத்தாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டத்தில் பார்க்கிறேன், கேட்க வாய் வரவில்லை. எங்கேயோ ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இவர் அந்தக் கோலத்தில் இருக்கிறாரோ என்று இரவில் நினைப்பு வந்தால் தூக்கம் போய்விடுகிறது.

தறிச்சத்தம்

அக்கா, படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பள்ளிபாளையம் பக்கம், விசைத்தறி. மனைவிக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். ஸ்டீராய்டு நிற்கவில்லை, இப்போது கிட்னியையும் பாதித்து, சிறுநீரில் புரதம் போகிறது என்கிறார்கள். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. அதனால் தறியை விட்டு வேறு வேலைக்கும் போக முடியாது.

எங்கள் ஊர்ப் பெயர் 2025-இல் கிட்னி விற்பனைக்காகப் பேப்பரில் அடிபட்டது உங்களுக்குத் தெரியும். பேப்பரில் வருவதற்கு வெகுநாள் முன்பே எங்களுக்கு அது தெரிந்த கதைதான். என்னிடம் வந்தவர் வெளியூர் ஆள் இல்லை. எங்கள் பட்டறையிலேயே வேலை பார்க்கும் ஒரு அக்கா. டீக்கு நிறுத்திய நேரத்தில் பக்கத்தில் வந்து, "சம்சாரத்துக்கு இவ்வளவு செலவாகுதே தம்பி, ஒரு வழி இருக்குது" என்றார். விலாப்பக்கம் சேலையை விலக்கித் தழும்பைக் காட்டினார். "பாரு, ஒண்ணும் ஆகல. நான் தறி ஓட்டலையா?"

டீ குடித்து முடிந்ததும் அவர் தறிக்குப் பாவு மாற்ற வேண்டியிருந்தது. பாவு நூல் சுற்றிய உருளையான பீமில் கை வைத்தார், தூக்கவில்லை. "கண்ணு, கொஞ்சம் வந்து பிடி" என்று என்னைத்தான் கூப்பிட்டார். பீமின் மறுமுனையைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தேன். கிட்னி கொடுத்த காசில் எந்தக் கடனை அடைக்க நினைத்தாரோ அந்தக் கடன் இன்னும் அப்படியே இருப்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு என்பதும் தெரியும். அவர் மேல் கோபம் வரவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பழைய கணக்குப்பிள்ளை

பவானிக்கரை அம்மா, காலைப் பிடித்துவிட்டார் என்பதற்காக அவர் செய்ததைச் சரி என்று விட்டுவிடக் கூடாது. குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. தவணையை வசூலிப்பது இரு தரப்பும் பேசி வைத்த இடத்தில்தான். அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். ஆஸ்பத்திரிக் கட்டில் இரண்டுமே இல்லை. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. உங்கள் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுப்பதே தவறு. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது.

தனியாளிடம் வாங்கிய கடன் என்றால் கதை வேறு. தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2025-இல் மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. அடமானம் வைத்த சீட்டு, கட்டிய தொகை, தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாத கணக்கு எப்போதும் கடன் கொடுத்தவர் பக்கம்தான் சாயும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, டயாலிசிஸும் அதில் அடக்கம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். நோய் வந்த பிறகு ஓடாமல் வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். தனியார் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். டயாலிசிஸுக்காக ரயிலில் போகிறவருக்கும் உடன் போகும் ஒருவருக்கும் சலுகை உண்டு, மருத்துவர் படிவத்தில் கையெழுத்து வேண்டும். மாத்திரை மலிவாகக் கிடைக்க மக்கள் மருந்தகம் பாருங்கள். 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் என்று மாநிலம் முழுக்க 1000 கடைகள் திறந்தார்கள், அதையும் பாருங்கள்.

என் அனுபவம் சிறியது. மைத்துனர் டிஸ்சார்ஜ் அன்று பில்லை வகைவாரியாகக் கேட்டேன். கேஷ் கவுண்டரில் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சார், இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். கையுறைக்கு மட்டும் ஒரு பக்கம் நீண்டிருந்தது. நான் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அந்தப் பெண்ணும் என் கூடவே எண்ணினார்.

கடைசிக்கட்டில்

கணக்குப்பிள்ளை ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் சொன்ன அட்டை என்னிடம் இருக்கிறது. இரண்டு வருஷமாக அரசு மருத்துவமனையில்தான் ஓட்டுகிறேன். மிஷினுக்குக் காசு இல்லை, உண்மை. சிஸ்டர்கள் தங்கமானவர்கள், அதுவும் உண்மை. ஆனால் எனக்குக் கிடைத்திருப்பது விடியற்காலை ஷிப்ட். முதல் பஸ் ஆறு மணிக்கு. அதற்கு முன்னால் போக வேண்டும் என்றால் ஆட்டோதான். ரத்தம் கூட்டும் ஊசி இருப்பில் இல்லாத வாரம் வெளியில் வாங்க வேண்டும். ஓடி முடித்த அன்று எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது, மறுநாள் அரை நாள் வேலை. இதெல்லாம் எந்த அட்டையிலும் வராது.

என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். விவசாயக் கூலி. ஒரு வியாழக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து விட்டார்கள். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு நின்றுவிடும். கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு வாயால் மூச்சு வாங்குகிறார். கால் வீங்கி, விரல் வைத்தால் குழி விழுகிறது. மிஷின் ஓட ஆரம்பித்து நீர் கொஞ்சம் இறங்கி, பேச்சு வந்ததும் கேட்டேன், "ஏங்கய்யா வரலை?"

"வண்டிக்குக் காசு இல்லப்பா."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். அதான் கவர்மெண்ட்ல இலவசமாச்சே, உனக்கு எதுக்குக் காசுங்கறாங்க."

ஐயா, இதற்கு எந்த அலுவலகத்தில் மனு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தனியாரில் படுத்திருந்தபோது எனக்கு லட்சத்தில் கடன் கொடுத்தார்கள். அந்த மனுஷனுக்கு ஆட்டோ காசு கொடுக்க ஆள் இல்லை. அவர் இப்போது இல்லை.

மஞ்சள்காடு

தறிச்சத்தம் தம்பி, உங்களிடம் ஒரு சண்டை இருக்கிறது. நானும் ஒரு கிட்னி கொடுத்தவள். என் மகனுக்குக் கொடுத்தேன். முறையாக எல்லாப் பரிசோதனையும் செய்து, காசுக்காகக் கொடுக்கவில்லையே என்று விசாரிக்கும் அனுமதிக் குழு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லி, அப்புறம்தான் கத்தி வைத்தார்கள். இன்று மஞ்சள் காட்டில் களை எடுக்கிறேன், மூட்டைக்கும் கை கொடுக்கிறேன், வருஷம் ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறேன். கிட்னி கொடுத்தவள் பீம் தூக்க முடியாமல் நின்றாள் என்று எழுதினால், அண்ணனுக்கோ மகளுக்கோ கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருத்தி பயந்து பின்வாங்கிவிடுவாள். அந்த அக்காவைக் கெடுத்தது கிட்னி கொடுத்தது இல்லை. ஆபரேஷன் முடிந்து ஆற விடாமல் மறுபடி தறியில் கொண்டுபோய் நிறுத்தியதும், திரும்பிப் பார்க்க ஒரு டாக்டர் இல்லாததும்தான்.

என்னை உறுத்துவது வேறு. மாற்றுக் கிட்னி வைத்த பிறகு செலவு முடிந்துவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மாற்றுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மாத்திரை காலை ஒன்பது, இரவு ஒன்பது, உயிர் உள்ளவரை. அதன் அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை தனி. ஆபரேஷனுக்கு வாங்கிய கடனே நிற்கிறது, மருந்துக்கடைப் பாக்கி வேறு. மகன் போனில் இரண்டு நேரமும் அலாரம் வைத்திருப்பான். ஒரு நாள் இரவு அலாரம் அடித்தது. அவன் அதை அணைத்துவிட்டு, மாத்திரை டப்பாவைத் தொடாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "போட்டுக்கலையா சாமி?" என்றேன். "அப்புறம் போட்டுக்கறேன்மா" என்றான். நான் அடுப்படியில் இருந்தபடியே பார்த்தேன். பத்தாயிற்று, படுக்கப் போய்விட்டான்.

காலையில் மாத்திரை அட்டையைப் பிரித்து எண்ணினேன். மாத முடிவில் காலியாக வேண்டிய அட்டை பாதி அப்படியே இருந்தது. ஒரு வேளை மட்டும் போட்டு, ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுத்திருக்கிறான். கடையில் பாக்கி கேட்டுவிடுவார்களே என்று. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் ஏன் ஏறுகிறது என்று டாக்டர் மாற்றி மாற்றி டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். அந்த டெஸ்டுக்குச் செலவான காசில் மாத்திரையே வாங்கியிருக்கலாம்.

தறிச்சத்தம்

அம்மா, நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். பெற்றவள் கொடுப்பதைப் பற்றி நான் எழுதவில்லை. 1994-லிருந்தே கிட்னி விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் விற்றவர்களும் அனுமதிக் குழு முன்னால் உட்கார்ந்துதான் வந்தார்கள், சொந்தக்காரர் என்று காகிதம் கொண்டுபோய். கேட்ட கேள்விக்கெல்லாம் புரோக்கர் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொன்னார்கள். அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த யாருமே சேலையையும் கையையும் பார்த்து, இவளுக்கு எவ்வளவு கடன் இருக்கும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லையா? தறி ஓட்டுகிறவள் கை ஒரு பார்வையிலேயே தெரியுமே.

பழைய கணக்குப்பிள்ளை

கடைசிக்கட்டில் தம்பி எழுதியதைப் பலமுறை படித்தேன். வண்டிச் செலவுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. வயிற்று வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் ஒன்று இருக்கிறது, சிஏபிடி என்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியபோது அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதையும் சேர்த்தார்கள். எல்லாருக்கும் ஒத்துவராது. சுத்தம் மிக முக்கியம், இல்லாவிட்டால் வயிற்றில் கிருமி ஏறும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், பஸ்ஸும் ஆட்டோவும் மிச்சமாகும். மஞ்சள்காடு அம்மா, உங்கள் மகன் விஷயத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பணம் இல்லை என்று சொன்னால் அவர் விலை குறைந்த கம்பெனி மருந்துக்கு மாற்றி, அளவு பார்த்துக் கொடுப்பார். அவராகப் பார்த்து மாற்ற வேண்டும், கடையில் நாமே மாற்றிவிடக் கூடாது.

பவானிக்கரை

ஐயா, நீங்கள் சொன்ன விதியை என் பெண்ணை விட்டுப் படிக்கச் சொன்னேன். புகார் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தோம். ஆனால் நான் கூட்டத்துக்குப் போகாத வாரங்களில் என் தவணையைக் குழுவில் உள்ள மற்ற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி பூ கட்டி விற்கிறவள். வார்டில் தேடிப் பார் என்று சொன்னது அவள்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது. சொல்லாமல் என்ன செய்வாள், என் பங்கையும் அவளே கட்டிக்கொண்டிருந்தாளே. புகார் போனால் அடுத்த சுற்றுக் கடன் குழுவுக்கே நிற்கும். அவள் மகள் காலேஜ் பீஸ் அதில்தான் இருக்கிறது.

அதனால் நிறுவனத்துக்கு வேறு மாதிரி எழுதப் போகிறேன். யாரையும் தண்டிக்க வேண்டாம், தவணையைப் பாதியாக்கிக் காலத்தை நீட்டுங்கள், வார்டில் எடுத்த போட்டோ இருந்தால் அழித்துவிடுங்கள் என்று. அந்தத் தம்பி பெயரை எழுதவில்லை. வயிற்று டயாலிசிஸ் பற்றி செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கேட்கிறேன். எங்கள் வீட்டில் தனி ரூம் இல்லை, ஒரே கூடம்தான், மறைப்புக் கட்டினால் போதுமா என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.